ராக்கெட் யார் கைக்கு?

விஞ்ஞானக் கற்பனைப் படங்களுக்கும் கம்ப்யூட்டர் கேம்களுக்கும் தரப்படும் விருதுகளை முன்கூட்டியே சொல்வது சுலபமில்லை. படைப்பைப் படிப்பவர்கள் தோற்கிறார்கள். வாக்காளரைப் படிப்பவர்கள் தேறுகிறார்கள்.

ஆரூடக்காரர்களுக்கு 2018 ஒரு சோதனையான வருடம். முந்தைய ஆண்டு வெளியான படங்களில் சிறந்தது எது என்ற ஒரே கேள்விக்கு ஆறு மாதங்களுக்குள் மூன்று பதில்கள் வந்தன. மார்ச்சில் ஆஸ்கர் 'த ஷேப் ஆஃப் வாட்டர்' படத்துக்குப் போயிற்று. மே மாதம் நெபுலா விழாவில் ரே பிராட்பரி பெயரிலான விருதை 'கெட் அவுட்' தட்டிச் சென்றது. ஆகஸ்டில் ஹியூகோவின் ராக்கெட் வடிவக் கோப்பை 'வொண்டர் உமன்' கைக்கு வந்தது. இத்தனைக்கும் ஹியூகோவின் இறுதிப் பட்டியலில் மூன்று படங்களுமே இருந்தன.

ஆறு மாதத்தில் ரசனை மாறிவிடவில்லை. ஓட்டுப் போட்டவர்கள்தான் வேறு வேறு ஆட்கள்.

யார் கையில் ஓட்டு?

ஆஸ்கர் சினிமாக்காரர்கள் சினிமாக்காரர்களுக்குத் தருவது. நெபுலாவைத் தருவது 1965-ல் தொடங்கிய அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் சங்கம். அதில் ஓட்டுப் போடுபவர்கள் பேனா பிடிப்பவர்கள். பிரம்மாண்டத்தை விட திரைக்கதை அவர்கள் கண்ணில் முதலில் படுவதில் வியப்பில்லை. 'கெட் அவுட்' அதே ஆண்டு ஆஸ்கரில் ஜெயித்ததும் திரைக்கதைக்குத்தான். மார்ச்சிலேயே அந்தக் குறிப்பைப் பிடித்தவர்களுக்கு மே மாத முடிவு அதிர்ச்சி தந்திருக்காது.

ஹியூகோ ரசிகர்களின் சொத்து. 1953-ல் பிறந்த இந்த விருதுக்கு, ஆண்டுதோறும் ஊர் ஊராக நடக்கும் உலக விஞ்ஞானக் கதை மாநாட்டில் உறுப்பினராகச் சேர்ந்த எவரும் ஓட்டுப் போடலாம். சந்தா சுமார் 50 டாலர். நேரில் வரவேண்டும் என்பதில்லை. உலகப் புகழ் பெற்ற விருதுதான். ஆனால் 2024-ல் விழுந்த மொத்த ஓட்டுகள் 3,813. நம்மூர் நகராட்சி வார்டுத் தேர்தல் அளவு.

இந்த வாக்காளர்களுக்குப் பழக்கதோஷம் உண்டு. 90 நிமிடத்துக்கு உட்பட்ட படைப்புகளுக்கு 2003-ல் தனிப் பிரிவு வந்தது. அதில் 2006 முதல் 2012 வரை ஏழு ஆண்டுகளில் ஆறு முறை வென்றது பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' டிவி தொடர். பின்னர் 2018 முதல் 2021 வரை தொடர்ந்து நான்கு முறை 'த குட் பிளேஸ்'. அந்த ஆண்டுகளில் போன வருட விருதாளருக்கே மறுபடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்கள் ஜெயித்திருப்பார்கள்.

குறும்பும் உண்டு. 2004-ல் அந்தப் பிரிவில் வென்றது எம்டிவி விழாவில் கொல்லம் பாத்திரம் விருது வாங்கிப் பேசுவதாக எடுக்கப்பட்ட சில நிமிட கேலித் துணுக்கு.

இரண்டாம் ஓட்டின் மகிமை

எண்ணும் முறையும் கணிப்பைக் கவிழ்க்கும். ஹியூகோ வாக்காளர் பட்டியலில் உள்ள ஆறு படைப்புகளையும் 1, 2, 3 என்று வரிசைப்படுத்தலாம். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் கடைசியில் இருப்பவர் வெளியேற, அவருடைய ஓட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். இந்திய வாசகர்களுக்கு இது புதிதல்ல. 1969-ல் நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தோற்கடித்து வி.வி. கிரி ஜனாதிபதியானது இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணிய பிறகுதான்.

எனவே பத்தில் மூன்று பேர் தலையில் தூக்கி வைத்து ஆடும் படத்தை, முதல் ஓட்டு சற்றுக் குறைந்தாலும் பலர் இரண்டாம் இடத்தில் எழுதிய படம் முந்திவிடலாம். "யாருக்கு வெறியர்கள் அதிகம்?" என்பதோடு "யாருக்கு எதிரிகள் குறைவு?" என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

போதாததற்கு 'யாருக்கும் இல்லை' என்றொரு வேட்பாளரும் எல்லாப் பிரிவுகளிலும் நிற்கிறார். நம் நோட்டாவுக்கு இல்லாத பல் இதற்கு உண்டு. 1977-ல் 'கேரி', 'லோகன்ஸ் ரன்' எல்லாம் போட்டியிட்டும் வென்றது 'யாருக்கும் இல்லை'தான். மறு வருடம் 'ஸ்டார் வார்ஸ்' வந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

பகடையும் பட்டனும்

கேம்களில் கணிப்பு இன்னும் வழுக்கல். நெபுலா 2019-ல் முதன்முறையாக கேம் எழுத்துக்கு விருது கொடுத்தபோது, முந்தைய ஆண்டின் சிறந்த கேம் என்று 'த கேம் அவார்ட்ஸ்' விழாவில் பட்டம் வாங்கிய 'காட் ஆஃப் வார்' பட்டியலில் இருந்தது. வென்றதோ பார்ப்பவரே கதைப் போக்கைத் தீர்மானிக்கும் நெட்ஃபிளிக்ஸ் படமான 'பாண்டர்ஸ்நாட்ச்'. 2022-ல் விருது கம்ப்யூட்டரே தேவைப்படாத, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் 'தர்ஸ்டி ஸ்வோர்ட் லெஸ்பியன்ஸ்' விளையாட்டுக்கு.

ஹியூகோ 2021-ல் ஒரு முறை கேமுக்குச் சோதனையாக விருது தந்தது. 2020-ன் 'த கேம் அவார்ட்ஸ்' பட்டத்தைப் பெற்ற 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தை, சிறிய நிறுவனம் ஒன்று தயாரித்த 'ஹேடீஸ்' அதில் வீழ்த்தியது. நெபுலாவும் 'ஹேடீஸு'க்கே. நிரந்தரப் பிரிவு வந்த 2024-ல் மட்டும் ஆரூடக்காரர்களுக்கு வேலையே இருக்கவில்லை. 'பால்டர்ஸ் கேட் 3' எல்லா மேடைகளிலும் ஏறியது. அதே இரவில் 'பார்பி'யைத் தாண்டி ஹியூகோ பெற்ற படம் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேம், படம் இரண்டுக்கும் வேர் ஒரே பழைய பகடை விளையாட்டு. வாக்காளர் கூட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு இதை விட நல்ல துப்பு கிடைக்காது.

எண்ணுபவர்கள் தவறினால்...

இந்தக் கணக்கெல்லாம் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: போட்ட ஓட்டு நேர்மையாக எண்ணப்படும் என்பது. 2023-ல் சீனாவின் செங்டு நகரில் நடந்த மாநாடு அதை அசைத்தது. 2024 ஜனவரியில் வெளியான புள்ளிவிவரங்களைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். போதுமான பரிந்துரைகள் பெற்றிருந்தும் சில படைப்புகள் 'தகுதியற்றவை' என்று காரணம் சொல்லாமல் நீக்கப்பட்டிருந்தன. 'த சாண்ட்மேன்' தொடரின் ஓர் அத்தியாயமும், நெபுலா வென்ற ஆர்.எஃப். குவாங்கின் 'பேபல்' நாவலும் அதில் அடக்கம். அடுத்த மாதம் கசிந்த மின்னஞ்சல்கள், சீனாவுக்குச் சங்கடம் தரும் எதையாவது எழுதியவர்களா என்று நிர்வாகிகள் படைப்பாளிகளைத் துருவியதைக் காட்டின. ரசிகர்களின் மனதை எவ்வளவு துல்லியமாகப் படித்திருந்தாலும் அந்த ஆண்டு பயன் இருந்திருக்காது.

அடுத்து வந்த கிளாஸ்கோ மாநாடு பாடம் கற்றுக்கொண்டிருந்தது. 2024 ஜூலையில், முடிவு வெளியாகும் முன்பே, 377 ஓட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. முதல் எழுத்தை மட்டும் அகர வரிசையில் மாற்றிய குடும்பப் பெயர்கள், எண்களின் மொழிபெயர்ப்பாகவே அமைந்த பெயர்கள் என்று கள்ள ஓட்டு அப்பட்டமாகத் தெரிந்தது. எல்லாம் ஒரே போட்டியாளருக்குச் சாதகமானவை. எண்ணியிருந்தால் அவரே ஜெயித்திருப்பார். அவருக்கு இதில் பங்கு உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லாததால் பெயரை வெளியிடாமல், பட்டியலிலிருந்தும் நீக்காமல், கள்ள ஓட்டை மட்டும் கழித்தார்கள்.

ராக்கெட்டோடு பணமுடிப்பு எதுவும் கிடையாது. ரசிகர்கள் தந்த கௌரவம் என்பதே அதன் மதிப்பு. அதனால்தான் தோற்ற ஆரூடக்காரர்களுக்கும் ஆறுதல் இருக்கிறது. தங்கள் கணிப்பு பொய்த்தது மக்கள் வேறு மாதிரி ஓட்டுப் போட்டதால்தான் என்று நம்ப முடிகிறவரை, அடுத்த வருடப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி உட்காரலாம்.