வளவிற் கள்ளி வளர்த்தலும் அதன் பாலினின்று காத்துக்கொள்ளலும்

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி முதலிய கரையோர ஊர்களில் மணற்பாங்கான வளவுகள் பல உள்ளன. வைகாசி, ஆனி மாதங்களில் அங்கே மழை மிகக் குறைவு. கச்சான் காற்றும் வெப்பத்துடன் வீசும். துரவிலுள்ள நீர் மிளகாய்க்கும் கத்தரிக்குமே போதாத அக்காலத்தில் வேலிக்கென நீர் செலவிடுதல் இயலாது. இத்தகைய வளவுகளுக்குக் கள்ளியினங்கள் ஏற்றவை. ஆயினும் அவற்றின் நன்மையோடு தீமையையும் அறிந்தே நடுதல் வேண்டும்.

வரட்சியைத் தாங்கும் விதம்

பெரும்பாலான பயிர்கள் பகலில் நுண்டுளைகளைத் திறந்து காற்றை உட்கொள்கின்றன. அப்போது அவற்றின் நீரும் ஆவியாகிச் செல்கின்றது. கள்ளியின் தண்டோ இரவிலேயே நுண்டுளைகளைத் திறக்கும். அப்போது பெற்ற காபனீரொட்சைட்டை அமிலமாகச் சேமித்துவைத்து, மறுநாள் வெயிலில் உணவாக்கிக்கொள்ளும். மெழுகு படிந்த தோலும் சாறு நிறைந்த தண்டும் நீரைக் காக்கின்றன. ஆகவே கோடை இதற்குப் பகையன்று. வேரடியில் நீர் தேங்கும் மாரியே பகையாகும்.

இனந்தெரிதல்

திருகுகள்ளி ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. எழுதுகோற் பருமனான பச்சைக் கிளைகளை உடையது. சதுரக்கள்ளியின் தண்டு விளிம்புகள் கொண்டது; அவ்விளிம்புகளில் முட்கள் இரட்டையாக இருக்கும். இவற்றை ஆடுமாடுகள் பொதுவாகத் தின்பதில்லை. ஆதலால் காய்கறித் தோட்டத்தின் வெளியெல்லைக்கு இவை பொருந்தும். முற்றத்திலும் சாடியிலும் வளர்ப்பதற்குக் கற்றாழை சிறந்தது.

நடும் காலமும் முறையும்

பெருமழை ஓய்ந்து நிலத்தில் ஈரம் எஞ்சியிருக்கும் தை, மாசி மாதங்களில் நடுதல் நன்று. கச்சான் காற்றுத் தொடங்குமுன் வேரூன்றிவிடும்.

1. முதிர்ந்த கிளையினின்று 15 முதல் 20 சென்ரிமீற்றர் நீளமான துண்டுகளை வெட்டுக.
2. வடியும் பாலை நீரிற் கழுவி, துண்டுகளை ஏறக்குறைய ஒரு வாரம் நிழலில் உலர விடுக. வெட்டுவாய் காயாத துண்டு அழுகிவிடும்.
3. வேலிக்கு 30 சென்ரிமீற்றர் இடைவெளியில், 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் நடுக.
4. முதற் சில நாட்களுக்கு நீர் ஊற்றாது விடுக. பின்னர் மண் முற்றாகக் காய்ந்த பின்பே ஊற்றுக.

கந்தளாய், தம்பலகாமம் போன்ற நெல்வயற் பகுதிகளில், மண் களிப்பாங்காயின், வரம்புபோல் மண்ணை உயர்த்தி அதன்மேல் நடுதல் வேண்டும். சாடிக்கு மண்ணும் பருமணலும் சம பங்காகக் கலந்து, அடியில் துளையிடுதல் அவசியம். ஐப்பசி முதல் மார்கழி வரை சாடிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, நீர் ஊற்றுவதை மிகக் குறைத்துவிடுக.

நாகதாளி தரும் பாடம்

அமெரிக்காவினின்று வந்த நாகதாளி, கள்ளியைப் போலத் தோன்றினும் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் ஒரு மடல் நிலத்தில் விழுந்தாலே வேர்விடும். 1795ஆம் ஆண்டு சிவப்புச் சாயத்துக்கென இந்தியாவுக்கு ஒரு பூச்சி கொண்டுவரப்பட்டது. அது எதிர்பார்த்த சாயப்பூச்சியாக இல்லாவிடினும், நாகதாளியின் ஓர் இனத்தைத் தின்று அழித்தது. அதே பூச்சி 1860களில் இலங்கைக்கும் கொணரப்பட்டது. எஞ்சிய மற்றோர் இனத்தை ஒடுக்க 1924இல் வேறொரு பூச்சி இலங்கைக்கு வருவிக்கப்பட்டு, 1926இல் இங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. இத்துணை முயற்சிக்குப் பின்னும் நாகதாளி முற்றாக ஒழியவில்லை. ஆதலால் அதனை வேலிக்கு நடலாகாது. எக்கள்ளியின் கழிவுத் துண்டுகளையும் தரிசு நிலத்தில் எறியலாகாது.

பாலைக் குறித்த எச்சரிக்கை

திருகுகள்ளி, சதுரக்கள்ளி ஆகியவற்றின் பால் தோலைப் புண்படுத்தும், உட்கொண்டால் நஞ்சாகும். கண்ணில் ஒரு துளி பட்டாலும் கடும் எரிவும் வீக்கமும் உண்டாகிப் பார்வை மங்கும். கவனியாது விட்டால் கருவிழி கெட்டுப் பார்வைக்கே கேடு நேரலாம். வேலியை வெட்டுவோர் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று வெட்டுதல் வேண்டும். வேலை முடிந்ததும் கையையும் கத்தியையும் சவர்க்காரமிட்டுக் கழுவுமுன் முகத்தைத் தொடலாகாது. பால் மீனுக்கும் நஞ்சாதலால், வெட்டிய துண்டுகளைக் கிணற்றருகிலோ குளத்தருகிலோ குவிக்கலாகாது.

கண்ணிற் பால் பட்டால் உடனே சுத்தமான நீரால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். தாய்ப்பால், எண்ணெய், பச்சிலைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விடுதல் தகாது.

கற்றாழையில் இத்தகைய பால் இல்லை. எனினும் அதன் தோலடியில் ஊறும் மஞ்சட் சாறு பேதியை உண்டாக்கும். அதனை நன்கு வடித்துக் கழுவிய பின்பே உட்சோற்றைப் பயன்படுத்துதல் வேண்டும்.

சிறுவர் நடமாடும் படலையோரத்திலும் ஒழுங்கையோரத்திலும் கள்ளியைத் தவிர்த்து, சீமைக்கிளுவைக் கதியால்களை நடுக. அவற்றின் தழை நெல்வயலுக்குப் பசுந்தாட் பசளையாகவும் உதவும். கள்ளி ஆட்கள் செல்லாத வெளியெல்லைக்கு மட்டுமே உரியது. அது காக்கும் கத்தரிப் பாத்தி எத்துணை செழித்தாலும் ஒரு குழந்தையின் கண்ணுக்கு ஈடாகாது.