மூச்சை அடக்கலாகாது

கடலைக் காணாத மாத்தளை மாவட்டத்திலிருந்து தம்புள்ளை வழியே திருகோணமலை சென்று, காற்றுக் கலனை முதுகில் சுமந்து ஸ்கூபா முறையில் மூழ்கப் பயில விழையும் நேயர்கள், ஆசிரியர் முதற்கண் போதிக்கும் விதியை மனத்திற் பதித்தல் அவசியம்: எத்துணை அச்சம் நேரினும் ஆழத்தில் மூச்சை அடக்கலாகாது. 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பினும் இரு மடங்காதலால், அங்கு உட்கொண்ட சுவாசத்தை அடக்கியவாறே மேலெழுந்தால், அக்காற்று இரட்டித்து விரிந்து நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். ஆகவேதான், சுவாசக் கருவியை வாயினின்று எடுத்துப் பயிலும் கணத்திலும் மாணாக்கர் சிறுசிறு குமிழிகளை இடைவிடாது வெளியிட்டவண்ணம் இருக்கின்றனர். 1956இல் ஒளிப்படக் கலைஞர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் திருகோணமலைக் கோணேசர் ஆலயச் சிதைவுகளைக் கடலடியில் தரிசித்தது ஸ்கூபாக் கலையின் துணையாலேயே. மே முதல் செப்டெம்பர் வரை அக்கடல் பொதுவாக அமைதியாயிருக்கும்.