நடமாடும் கோட்டை

கோட்டை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே அகழியும் மதிலும் கொத்தளமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. நின்ற இடத்தில் நிற்பதே கோட்டைக்கு இலக்கணம். அத்தகைய கோட்டையொன்று எழுந்து நடக்கத் தொடங்கினால் எப்படியிருக்கும்? இவ்வாறு வினவுவது சிறுபிள்ளைத்தனம் என்று நேயர்களிற் சிலர் எண்ணக்கூடும். உண்மையில் இதனைக் கேட்டவனும் ஒரு சிறு பிள்ளைதான். டயானா வின் ஜோன்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் ஒரு பாடசாலைக்குச் சென்றிருந்த வேளையில், நகரும் கோட்டை என்ற பெயரில் ஒரு கதை எழுதித் தரும்படி மாணவன் ஒருவன் அவரைக் கேட்டுக்கொண்டான். அவர் அவனுடைய பெயரைக் குறித்துப் பத்திரமான ஓரிடத்தில் வைத்தார். வைத்த இடம் பிற்பாடு அகப்படவேயில்லை. 1986ஆம் ஆண்டு கதை நூலாக வெளிவந்தபோது, பெயர் தொலைந்துபோன அந்தச் சிறுவனுக்கு நூலின் முகப்பிலேயே நன்றி கூறினார்.

அக்கதையில் வரும் கோட்டை கரியது, உயர்ந்தது. நான்கு கோபுரங்களை உடையது. 2004இல் ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி அதனைச் சித்திரத் திரைப்படமாக்கியபோது, அதற்கு முற்றிலும் வேறான உருவம் கொடுத்தார். இரும்புத் தகடுகளும் புகைபோக்கிகளும் பீரங்கி வாய்களும் சிறு சிறு வீடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடக்க, பறவைக் கால்களில் அது தள்ளாடி நடக்கும். என் மகள் வயிற்றுப் பேத்தி அப்படத்தை மூன்று தடவை பார்த்தாள். அதன் விளைவாக, பாடசாலைக் கண்காட்சிக்கு நடமாடும் கோட்டையின் மாதிரியுரு ஒன்றைச் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அம்முயற்சியில் யாம் கற்றவற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் ஒரு தவறைச் சொல்லிவிடுகின்றேன். நாங்கள் படத்தைப் பார்த்துப் படம் வரைந்தோம். வரைந்ததைப் பார்த்து மட்டையை வெட்டினோம். கோபுரங்கள் மிக அழகாக அமைந்தன. கால்களைப் பொருத்தி மேசைமீது நிறுத்தியதும் கோட்டை முகங்குப்புற விழுந்தது. உருவத்தை முதலில் எண்ணி, அது எப்படி நிற்கும் என்பதைப் பின்னர் எண்ணியதன் பலன் அது.

இத்துறையில் நமக்கு முன்னோடிகள் பலர் உளர். கி.மு. 305இல் மாசிடோனிய வேந்தன் தெமெத்திரியசு, ரோட்சுத் தீவின் நகரை முற்றுகையிட்டபோது, ஒன்பது அடுக்குகள் கொண்ட மரக்கோபுரம் ஒன்றைக் கட்டுவித்தான். எட்டுப் பெருஞ் சில்லுகள். முன்னும் இரு பக்கங்களும் இரும்புத் தகடு. தள்ளுவதற்குத் தேர்ந்தெடுத்த 3,400 வலியவர்கள் என்று தியொதோரசு என்னும் பழைய வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கின்றார். கோபுரம் வரும் வழியில் நகர மக்கள் நீரையும் சேற்றையும் கழிவையும் இரவோடிரவாகக் கொட்ட, அது புதைந்து அசையாது நின்றது என்பது வித்துருவியசு என்னும் உரோமக் கட்டடக் கலைஞர் கூறும் செய்தி. முற்றுகை கைவிடப்பட்ட பின், பகைவன் விட்டுச்சென்ற பொறிகளை விற்ற பணத்திலேயே, ரோட்சு மக்கள் உலக அதிசயங்களுள் ஒன்றாகிய தம் பெருஞ்சிலையை எழுப்பினர். நடமாடும் கோட்டைக்கு மதிலைக் காட்டிலும் நிலமே பெரும் பகை என்பது இதிலிருந்து புலனாகும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ஆலயத் தேர் நடமாடும் மாளிகையன்றி வேறென்ன? பல தேர்களில் அடிப்பாகம் முழுவதும் செறிந்த மரம். மேலே உயர்ந்து தோன்றும் பாகமோ கழிகளும் சீலைகளும் தோரணங்களுமே. கண்ணுக்கு மேற்பாகமே பெரிதாகத் தெரியும். பாரமெல்லாம் கீழே இருக்கும். புவியீர்ப்பு மையம் தாழ்ந்திருந்தாற்றான் உயர்ந்த பொருள் கவிழாது என்ற விதியைத் தேர்த் தச்சர்கள் கைப்பழக்கத்தாலே அறிந்திருந்தார்கள். விழுந்த கோட்டையை நாங்கள் பிரித்து, கோபுரங்களை மெல்லிய கடதாசியாலும் மூங்கிற் சிம்பாலும் திரும்பச் செய்து, மின்கலங்களை எல்லாம் வயிற்றின் அடியில் இறக்கினோம். கோட்டை நின்றது.

நிற்பது வேறு, நடப்பது வேறு. நாலுகாற் பொருள் ஒன்று ஒரு காலைத் தூக்கும் கணத்தில், மிகுதி மூன்று பாதங்களும் நிலத்தில் ஒரு முக்கோணம் ஆகின்றன. பாரத்தின் மையம் அந்த முக்கோணத்துள் நிற்கவேண்டும். வெளியே போனாற் கோட்டை சாயும். உயிருள்ள மிருகம் ஒவ்வோர் அடிக்கும் உடலைச் சிறிது சாய்த்து இதனைச் சமாளிக்கின்றது. ஆறு கால் பூச்சிக்கு அத்தொல்லையில்லை. மும்மூன்றாக மாற்றி மாற்றி ஊன்றிக்கொள்ளும். சில்லின் சுழற்சியைக் காலின் நடையாக மாற்றுவதற்கு உருசியக் கணித அறிஞர் செபிசேவு ஓர் இணைப்புத் தண்டுப் பொறியை அமைத்தார். 1878இல் பாரிசுப் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. பாதம் நிலத்திற் படும்போது நேர்கோட்டிலும், மீளும்போது வளைந்து மேலெழுந்தும் செல்லும் என்பதே அதன் நுட்பம். நெதர்லாந்துக் கலைஞர் தியோ யான்சன் 1990 முதல் மின்கம்பி செலுத்தும் பிளாஸ்ரிக் குழாய்களைக்கொண்டு கடற்கரையிற் காற்றால் நடக்கும் பெரும் உருக்களைச் செய்து வருகின்றார். அவற்றின் காலுக்குரிய 11 நீளங்களைக் கணினியின் துணைகொண்டு கண்டறிந்தார். அந்நீளங்கள் சிறிது பிழைத்தாலும் நடை நொண்டும்.

இவற்றையெல்லாம் படித்து மலைத்திருந்த எனக்கு, பிரான்சின் நாந்து நகரில் 2007 முதல் மக்களை ஏற்றிச் செல்லும் இயந்திர யானை ஆறுதல் அளித்தது. 12 மீற்றர் உயரமான அவ்யானை காலெடுத்து வைத்து நடப்பதுபோலத் தோன்றும். பாரத்தைச் சுமப்பவை வயிற்றின் கீழே உள்ள சில்லுகளே. இஃது ஏமாற்று வித்தை என்று பேத்தி கண்டித்தாள். நான் உடன்படவில்லை. மாதிரியுருவின் கடமை பார்ப்பவர் மனத்தில் நடையை உண்டாக்குவது. அதற்குச் சில்லு உதவுமாயின் பழுதில்லை. ஈற்றில் நான்கு சிறு சில்லுகளும் நான்கு நடிக்கும் கால்களும் என இணக்கம் கண்டோம்.

இனி அளவைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்லவேண்டும். பெரும்பாலான மாதிரியுருக்கள் பிழைபடும் இடம் இதுவே. ஒரு பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் அதன் பாரம் ஆயிரம் மடங்காகும். அதனைத் தாங்கும் காலின் குறுக்குப் பரப்போ நூறு மடங்கே ஆகும் என்று 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ விளக்கினார். ஆகவே மெய்யான கோட்டையைக் கோழிக்கால்கள் தாங்கா. மாதிரியுருவில் எதிர்மாறு: சிறிதாக்குந்தோறும் பொருள் தன் பாரத்துக்கு மேலான வலிமை பெறுகின்றது, கடதாசிக் காலும் போதும். ஆனால் வலிமையோடு விரைவும் கூடிவிடுகின்றது. 20 மீற்றர் நீளமான கால் தொங்கித் தானாக ஆடினால், போய்வர ஏறக்குறைய ஒன்பது விநாடி செல்லும். அதையே நூற்றிலொன்றாக்கி 20 சென்ரிமீற்றர் ஆக்கினால், ஒரு விநாடிக்குள் ஆடி முடித்துவிடும். நம் கண் இதனை அறியும். படபடவென்று அடியெடுத்து வைக்கும் கோட்டையைக் கண்டவுடன் விளையாட்டுப் பொருள் என்று தீர்ப்பளித்துவிடும். எங்கள் மின்மோட்டரின் வேகத்தைப் பற்சில்லுகளை அடுக்கடுக்காகப் பொருத்திக் குறைத்து, ஓரடிக்கு ஒன்பது விநாடி என்று ஆக்கிய அன்றுதான் பேத்தியின் முகத்தில் வியப்பைக் கண்டேன். அமெரிக்காவில் விண்கலங்களை ஏவுதளத்துக்குச் சுமந்துசெல்லும் மாபெரும் ஊர்தியும் சுமையோடு மணிக்கு ஏறக்குறைய 1.6 கிலோமீற்றரே செல்லும். அதன் பெருமிதமே அந்த மெத்தனத்தில் இருக்கின்றது.

பெரிது என்ற எண்ணத்தை உண்டாக்க இன்னொரு வழி, மனித அளவை எங்காவது காட்டுவது. இரண்டு சென்ரிமீற்றர் உயரக் கதவு ஒன்று, அருகே ஒரு படிக்கட்டு, கொடியில் உலரும் ஒரு சாரம், இவை போதும். கண் தானாகவே மிகுதியை அளந்துகொள்ளும்.

ஆயினும் எல்லாவற்றுக்கும் முன்னே விடை காணவேண்டிய வினா ஒன்றை நாங்கள் கடைசியிலேதான் கேட்டோம். கோட்டை ஏன் நடக்கின்றது? மியாசாகியின் படத்தில் வெளியே போர் நடக்கின்றது. அக்காலத்து ஈராக்குப் போர் தம்மை வெகுவாகப் பாதித்ததென்று அவர் கூறியிருக்கின்றார். அந்தக் கோட்டை நாடு பிடிக்கப் போகவில்லை. அகப்படாமல் இருப்பதற்காகவே அலைகின்றது. தெமெத்திரியசின் கோபுரத்துக்கு வாயில் இருக்கவேண்டிய இடம் முன்புறம். ஒளிந்து திரியும் கோட்டைக்கு வாயில் பின்புறத்திலே, ஏறி மறைவதற்கு ஏற்றாற்போல இருக்கவேண்டும். காரணம் தெரிந்தாற் கதவின் இடம் தெரியும்.

இதைப் பேசிக்கொண்டிருந்த மாலை, என் மனைவி அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, துவிச்சக்கர வண்டியில் ஏற்றக்கூடியதை மட்டுமே நாங்கள் கொண்டுபோனோம். பெரிய பொருள்கள் எவையும் வரவில்லை. "அம்மம்மா, வீடு நடந்திருந்தால் எதை விட்டுவிட்டு வந்திருக்கமாட்டீர்கள்?" என்று பேத்தி கேட்டாள். "அம்மி" என்றார் அவர், தயக்கமின்றி. அது அவருடைய தாயார் கொடுத்தது. கோட்டையின் திட்டத்தில் அன்றுவரை சமையலறை இருக்கவில்லை.

மறுநாள் பேத்தி ஆற்றங் கூழாங்கல் ஒன்றைத் தேடி எடுத்து, தட்டையாகத் தேய்த்து, அடித்தட்டிற் சமையலறை அமைத்து அதிலே பதித்தாள். கல்லின் பாரம் கோட்டைக்கு நல்லதாயிற்று. மின்கலங்களை அடியில் இறக்கிய பின்னும் சிறிது இருந்த தள்ளாட்டம் நின்றது. சமையலறைச் சன்னல் பின்வாயிலுக்கு அருகே இருக்கின்றது. தகரத் துண்டுகளுக்குத் துரு நிறம் தருவதற்கு உப்புநீரிலே ஊறவைத்து வெயிலிற் காயவிட்டோம். ஒரு கிழமையில் இயல்பான துருவே ஏறிவிட்டது.

இடது பின்னங்கால் மட்டும் இன்னமும் அரை அங்குலம் பிந்தியே வருகின்றது. இணைப்புத் தண்டைக் கழற்றி நீளத்தை மறுபடி அளக்கவேண்டும். கண்காட்சிக்கு இன்னும் எட்டு நாள் இருக்கின்றது.