பறக்கும் காமிராவுக்கும் பாதை விதி உண்டு!

கல்யாண வீட்டிலும் கடலைக்காட்டிலும் 'ட்ரோன்' பறக்கிறது. அதை யார் பறக்கவிடலாம்? எங்கே பறக்கவிடலாம்? யார் தடுக்கலாம்?

வைகாசி விசாகம் வந்துவிட்டால் திருச்செங்கோட்டில் ஜனசமுத்திரம்தான். மலைமேல் கோயில் கொண்டிருக்கும் அர்த்தநாரீசுவரர் ஊருக்குள் எழுந்தருளுவார். தேர் வீதியில் அசைந்து அசைந்து வரும். வடம் பிடிக்க ஆயிரம் கைகள் நீளும். மொட்டை மாடிகளில் இடம் இராது. தகப்பன் தோளில் குழந்தை. தாயின் கையில் தேங்காய், பழம்.

மேளமும் வேட்டும் கேட்ட காலம் போய், இப்போதெல்லாம் திருவிழாக் கூட்டங்களில் இன்னொரு சத்தமும் கேட்கிறது. தலைக்கு மேலே வண்டு முரலுவதுபோல ஒரு 'ர்ர்ர்' ஓசை. அண்ணாந்து பார்த்தால் நான்கு விசிறிகளோடு ஒரு சிறிய யந்திரம். அதன் வயிற்றில் ஒரு காமிரா.

கல்யாணத்துக்குப் படம் எடுப்பவர்கள் இதை 'ஹெலிகேம்' என்பார்கள். 'ட்ரோன்' என்றும் சொல்வது உண்டு. ஆள் ஏறாத விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவர் தரையில் நிற்பார். வண்டி மட்டும் ஆகாயத்தில் போகும்.

பார்ப்பதற்கு விளையாட்டுப் பொம்மை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு விமானமே!

ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

"என் பட்டா நிலம், மேலே இருக்கும் ஆகாயமும் என்னுடையதுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி அல்ல. நமது அரசியல் சட்டத்தில் விமானப் போக்குவரத்து மத்திய சர்க்காரின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே ஆகாயத்தில் எது எப்படிப் பறக்கலாம் என்று விதி செய்வது டில்லியின் வேலை. போலீசும் பொது அமைதியும் மாநில சர்க்காரின் பொறுப்பு.

அமெரிக்காவில் ஆகாயம் மத்திய சர்க்காரிடம் இருந்தாலும், பல மாநிலங்களும் நகரங்களும் ட்ரோனை எங்கிருந்து கிளப்பலாம், எங்கே இறக்கலாம் என்று தனித்தனிச் சட்டம் வைத்திருக்கின்றன. ஓர் ஊரில் சரியாக இருப்பது அடுத்த ஊரில் குற்றமாகிவிடும். இந்தியாவிலோ திருச்செங்கோட்டுக்கும் ஸ்ரீநகருக்கும் ஒரே விதிதான்.

அந்த விதி எளிதில் வந்துவிடவில்லை. 2014 அக்டோபரில் பொதுஜனங்கள் ட்ரோன் பறக்கவிடவே கூடாது என்று தடை போடப்பட்டது. 2018 டிசம்பர் 1-ந் தேதி முதல் நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. 2021 மார்ச்சில் ஒரு விதித் தொகுப்பு வந்தது. அதில் 25 விதமான மனுக்கள். 72 விதமான கட்டணங்கள்! மனுப் போட்டே களைத்துப் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ட்ரோன் விதிகள், 2021' வந்தன. மனுக்கள் 5 ஆகவும், கட்டணங்கள் 4 ஆகவும் குறைந்தன. திருத்தங்களோடு இன்று நடப்பது இந்த விதிகள்தான்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

நாற்சந்தியில் விளக்கு இருப்பதுபோல ஆகாயத்துக்கும் மூன்று வர்ணம் கொடுத்திருக்கிறார்கள். இதைக் காட்டும் இந்திய வரைபடம் 2021 செப்டம்பரில் வெளியாயிற்று. மத்திய சர்க்காரின் 'டிஜிட்டல் ஸ்கை' என்ற இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பச்சை என்றால், தரையிலிருந்து 400 அடி உயரம் வரை தனி உத்தரவு கேட்காமல் பறக்கவிடலாம். ஆறு தென்னை மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரம் அது.

மஞ்சள் என்றால், விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரிகளின் உத்தரவு வேண்டும்.

சிவப்பு என்றால், மத்திய சர்க்காரின் அனுமதி இல்லாமல் கிட்டவே போகக்கூடாது. ராணுவ இடங்கள், கல்பாக்கம் அணுமின் நிலையம் போன்றவை இந்த வகை.

விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் போகக்கூடாது. அதைவிட நெருங்கினால் உத்தரவில்லாமல் கிளப்பவே கூடாது. சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கிறது. திருச்செங்கோடு அங்கிருந்து வெகு தூரம். ஆகவே இந்தக் கட்டுப்பாடு இவ்வூரைத் தொடாது. ஆனால் இவ்வூர் வாலிபர் ஓமலூர்க் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போனால்? அங்கே தொடும்!

அதனால்தான் ஒவ்வொரு முறையும் பறக்கவிடும் முன் வரைபடத்தைப் பார்க்கவேண்டும் என்பது கட்டாயம். நேற்று பச்சையாக இருந்த இடம் இன்று சிவப்பாக மாறியிருக்கலாம்.

96 மணி நேரம்

எப்படி மாறும்? இங்கேதான் மாநில சர்க்காருக்கும் போலீசுக்கும் அதிகாரம் வருகிறது.

அவசரத் தேவை ஏற்பட்டால், ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தற்காலிகச் சிவப்பு எல்லையாக அறிவிக்கலாம். போலீஸ் சூப்பிரண்டு பதவிக்குக் குறையாத அதிகாரி இதைச் செய்யவேண்டும். ஒரு தடவை அறிவித்தால் 96 மணி நேரம், அதாவது நான்கு நாள் வரைதான் செல்லும். தடுக்கும் பரப்பும் முடிந்தவரை சிறியதாக இருக்கவேண்டும். அறிவிப்பை அந்த இணையதளத்திலும் போடவேண்டும்.

பெரிய தலைவர்கள் வரும்போதும், பெருங்கூட்டம் கூடும்போதும் "ட்ரோன் பறக்கத் தடை" என்று பத்திரிகையில் செய்தி வருகிறதே, அது வீண் கெடுபிடி அல்ல. 2021 ஜூன் 27-ந் தேதி ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன்கள் மூலம் இரண்டு குண்டுகள் போடப்பட்டன. படம் எடுக்கும் யந்திரம் பழியும் செய்யும் என்று நாடு அன்று தெரிந்துகொண்டது.

கோயில்களின் கதை வேறு. 2023 ஜனவரியில் திருமலைக் கோயிலை மேலிருந்து எடுத்த படம் ஒன்று செல்போன்களில் பரவியது. தேவஸ்தானம் புகார் கொடுத்தது. போலீஸ் வழக்குப் போட்டது. மலைக் கோயிலிலிருந்து காமிராவைக் கிளப்ப விரும்புகிறவர், அந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அந்த நிர்வாகத்திடம் முதலில் கேட்டுக்கொள்வதே முறை.

எடை எவ்வளவு?

அடுத்த கேள்வி எடை. கால் கிலோ வரை உள்ளது 'நானோ'. ஒரு சிறிய சர்க்கரைப் பொட்டலத்தின் கனம்தான். அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. 2 கிலோவிலிருந்து 25 கிலோ வரை 'சிறியது'. ஓர் அரிசிச் சிப்பத்தின் எடை. அதற்கும் மேலே நடுத்தரம், பெரியது என்று போகிறது.

ட்ரோனுக்கு லாரி நம்பர் போல ஒரு பதிவு எண் வாங்கவேண்டும். கட்டணம் 100 ரூபாய். நானோ தவிர மற்றவைக்கு, பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கான இன்ஷூரன்சும் வேண்டும்.

ஓட்டுகிறவருக்குச் சான்றிதழ் வேண்டுமா? நானோவுக்கு வேண்டாம். மைக்ரோவைப் பொழுதுபோக்காகப் பறக்கவிட்டாலும் வேண்டாம். ஆனால் அதே மைக்ரோவை வைத்துக் கூலிக்குக் கல்யாணப் படம் எடுத்தால் சான்றிதழ் கட்டாயம்! பல வாலிபர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். கடன் வாங்கி யந்திரம் வாங்குகிறார்கள்; சான்றிதழ் பற்றி யாரும் சொல்லாததால் தெரியாமலே தொழில் செய்கிறார்கள். 2021 விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "எனக்குத் தெரியாது" என்ற பதில் சட்டத்தின் முன் நிற்காது.

சான்றிதழ் எட்டாத கனியும் அல்ல. வயது 18-க்கு மேல் 65-க்குள் இருக்கவேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியிருக்கவேண்டும். அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி பெற்றுத் தேர்ச்சி அடைந்தால் சான்றிதழ் கிடைக்கும். 10 ஆண்டு செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்துப் பிள்ளை பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவான்? 2023 செப்டம்பரில் அதை மாற்றினார்கள். இப்போது ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்ஸ் போன்றவை போதும்.

வயல்காட்டில்

திருச்செங்கோட்டைச் சுற்றி நிலக்கடலை, மரவள்ளி, கரும்பு, மஞ்சள் என்று பயிர்கள். முதுகில் மருந்து டப்பாவைக் கட்டிக்கொண்டு நாள் முழுவதும் தெளிப்பதன் கஷ்டம் விவசாயிக்குத்தான் தெரியும். ட்ரோன் ஓர் ஏக்கருக்குச் சுமார் பத்து நிமிடத்தில் தெளித்துவிடுகிறது. 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் அறிவித்தது. 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன்; விலையில் 80 சதவிகிதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம்; குழுவில் ஒரு பெண்ணுக்கு ஓட்டும் பயிற்சி. அடுப்பங்கரையில் இருந்த கை ஆகாயத்தில் விமானம் ஓட்டுகிறது!

ஆனால் மேலிருந்து தெளிக்கும் மருந்து வரப்பைப் பார்த்து நிற்காது. காற்றில் பக்கத்துக் காட்டுக்கும், கிணற்றுக்கும், மேயும் மாட்டுக்கும் போகும். ஆகவே பூச்சிக்கொல்லி விதிகள், ஆகாய வழியாக மருந்து தெளிப்பதானால் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் முன்கூட்டியே அதிகாரிகள் மூலம் பொதுமக்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்கின்றன. மனிதரும் கால்நடையும் அந்தப் பரப்புக்குள் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தெளிப்பவர் சான்றிதழ் பெற்றவரா என்று கேட்டுவிட்டே வாடகை பேசுவது விவசாயிக்கு நல்லது.

மொட்டை மாடி

ஒரு பெண் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள். மேலே ஒரு ட்ரோன் வந்து நிற்கிறது. போகவில்லை. அவள் மனம் என்ன பாடுபடும்?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டு 2017 ஆகஸ்டு 24-ந் தேதி தீர்ப்பளித்தது. பெண்ணின் அந்தரங்கத்தை அவளுக்குத் தெரியாமல் பார்ப்பதும் படம் பிடிப்பதும் 'பாரதிய நியாய சன்ஹிதா' 77-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவையே 1 முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாலும், காமிராவைப் பறக்கவிட்டுப் பார்த்தாலும் குற்றம் ஒன்றுதான்.

"கல்லால் அடித்து வீழ்த்திவிடலாமா?" என்று கேட்கத் தோன்றும். கூடாது. பிறர் உடைமையைச் சேதப்படுத்திய குற்றம் அடித்தவர்மேல் திரும்பும். விழுந்த யந்திரம் வேறு யார் தலையையாவது உடைக்கலாம். நேரத்தையும் இடத்தையும் குறித்துக்கொண்டு, முடிந்தால் ஒரு படமும் எடுத்துக்கொண்டு, 112 என்ற எண்ணுக்குச் சொல்வதே சரி.

விழுந்தால்?

பாட்டரி தீரலாம், காற்று புரட்டலாம், விசிறி மின்கம்பியில் மாட்டலாம். தென்னையிலிருந்து ஒரு தேங்காய் தலையில் விழுந்தாலே ஆபத்து. அதே எடையுள்ள யந்திரம் பல மடங்கு உயரத்திலிருந்து, அதுவும் சுழலும் விசிறிகளோடு, தேர்க் கூட்டத்தில் விழுந்தால்?

அஜாக்கிரதையால் பிறருக்குக் காயம் ஏற்பட்டால் 6 மாதம் வரை சிறை. கொடுங்காயமானால் 3 ஆண்டு வரை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் ஓட்டியவரே இணையதளத்தில் தெரிவிக்கவும் வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர் திருச்செங்கோடு. பூமிக்குள் ஆயிரம் அடி போகும் தொழிலாளி, முதலில் இடத்தைப் பார்த்து, வண்டியை நிலையாக நிறுத்திவிட்டுத்தான் துளையைத் தொடங்குகிறான். ஆகாயத்தில் 400 அடி போகிறவருக்கும் அந்த நிதானம் வேண்டும். வரைபடத்தைப் பார்க்க இரண்டு நிமிடம். பதிவுக்கு 100 ரூபாய். பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை.

தேர் நிலைக்கு வந்தபின் படத்தை யார் வேண்டுமானாலும் பார்த்து மகிழலாம். அதற்கு முன், தகப்பன் தோளில் இருக்கும் குழந்தை பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டும்!