ஆயிடைகளைச் சேமிக்கும் மரங்கள்

காலை 8 மணி முதல் 11 மணி வரை என்பது ஓர் ஆயிடை. தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. இடைப்பட்டன யாவும் அதனுள் அடங்கும். இத்தகைய ஆயிடைகள் இலட்சக்கணக்கில் கணினியிற் குவிந்தவிடத்து, கேட்ட வினாவுக்கு விரைந்து விடை கிடைக்கும் வண்ணம் அவற்றை எவ்வாறு அமைத்து வைப்பது? ஹாஸ்கெல் போன்ற மொழிகளில் வழங்கும் சார்புநெறிச் செய்நிரலாக்கத்தில் இவ்வினா தனிச் சிறப்புடையது.

அந்நெறியில் ஒருமுறை ஆக்கிய பெறுமானம் பின்னர் மாற்றப்படுவதில்லை. புதிய உறுப்பொன்றைச் சேர்த்தால் பழைய தொகுதி பழையபடியே நிற்க, புதிய தொகுதியொன்று தோன்றும். பத்து இலட்சம் உறுப்புகளை ஓர் அணியில் வைத்திருப்பின், ஒன்றைச் சேர்ப்பதற்கு முழுவதையும் படியெடுக்க நேரும். சமநிலை குலையாத மரமாயின், வேரிலிருந்து உரிய இடம் வரையுள்ள இருபது முப்பது கணுக்களைப் புதிதாக ஆக்கினாற் போதும். எஞ்சிய கிளைகளை இரு மரங்களும் பகிர்ந்துகொள்ளும். ஆகவே மரமே ஏற்றது. எத்தகைய மரம் என்பதே கேள்வி.

ஆயிடைகள் ஒன்றன்மேல் ஒன்று படியுமா என்பதை முதலில் அறிதல் வேண்டும். பலர் இதனை ஆராயாமலே சிக்கலான அமைப்பை நாடுகின்றனர். ஒரே சத்திரசிகிச்சைக் கூடத்தின் ஒதுக்கீடுகள் படியமாட்டா. அங்கே தொடக்க நேரத்தால் ஒழுங்குசெய்த சாதாரண மரமே போதும். எழுத்துக் குறியீட்டெண்கள் போன்ற நிறைவெண் கணங்களுக்கு மார்ட்டின் எர்விக் 1998இல் விளக்கிய மரம் பொருந்தும். அது அடுத்தடுத்த எண்களை ஒரே ஆயிடையாக இணைத்துவிடுகிறது. யூனிக்கோட்டில் தமிழுக்கு ஒதுக்கிய 2944 முதல் 3071 வரையான 128 இடங்களும் அதில் ஒரு கணுவுள் அடங்கும்.

தாதியரின் கடமை நேரங்களோ படிவன. ஒருவர் 8 முதல் 15 மணி வரை, மற்றொருவர் 9 முதல் 10 வரை, இன்னொருவர் 13 முதல் 14 வரை கடமையில் உள்ளனர் எனக் கொள்க. 11 முதல் 12 வரை எவரேனும் உளரா? தொடக்க நேரத்தை மட்டும் நோக்கினால், 11க்கு முன் இறுதியாக வந்தவர் 10 மணிக்கே சென்றுவிட்டார். எவருமில்லை எனப் பிழையான விடை வரும். 8 மணிக்கு வந்தவர் கண்ணிற் படவில்லை.

இதற்குப் பரிகாரம் எளியது. ஒவ்வொரு கணுவிலும் அதன் கீழுள்ள முடிவு நேரங்களுட் பெரியதையும் குறித்துவைத்தல் வேண்டும். வேரிலே 9–10 இருப்பின், இடக்கிளையின் குறிப்பு 15 ஆகும். அது 11ஐ விஞ்சுவதால் தேடல் இடப்புறம் சென்று 8–15ஐக் காணும். இடக்கிளையின் குறிப்பு 11ஐ விஞ்சாதாயின் அக்கிளையை முற்றாக விடுத்து வலப்புறம் செல்லலாம். கணுவை ஆக்கும்போதே பிள்ளைக் கணுக்களிலிருந்து இக்குறிப்பைக் கணித்தால், பின்னர் அது பழுதுபடுவதற்கு இடமேயில்லை. மாற்றமுடியாமை இங்கு ஒரு வசதியாகிறது. ரால்ஃப் ஹின்ஸ, ராஸ் பேட்டர்சன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட விரல் மரமும் இத்தகைய குறிப்பைக் கொண்டே ஆயிடைகளைத் தேடுகிறது.

11 மணிக்கு முடிவதும் 11 மணிக்குத் தொடங்குவதும் படிவனவா என்பதையும் முன்னரே வரையறுத்தல் வேண்டும். தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விலக்கினால் அவை படியா; அடுத்த நோயாளியை 11 மணிக்கே கூடத்துள் அனுமதிக்கலாம்.