சாரான்ஷ் (1984): முதுமையின் துயரமும் இளமையின் தவிப்பும்

சாரான்ஷ், மகேஷ் பட் இயக்கத்தில் 1984ஆம் ஆண்டு வெளிவந்த இந்தித் திரைப்படம். ராஜ்ஸ்ரீ நிறுவனம் தயாரித்தது. தமிழில் நாம் 'சாராம்சம்' என்று சொல்லும் அதே சொல்தான் படத்தின் பெயர். ஒரு வாழ்க்கையைப் பிழிந்து பார்த்தால் எஞ்சுவது என்ன என்பதே இப்படத்தின் கேள்வி.

கதை

பி.வி. பிரதான் பம்பாயில் சிவாஜி பூங்காவை ஒட்டிய பகுதியில் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர். மனைவி பார்வதி. நியூயார்க்கில் இருந்த ஒரே மகன் அஜய் வழிப்பறிக் கொள்ளையரால் கொல்லப்படுகிறான். வருமானத்துக்காக வீட்டின் ஓர் அறையை சுஜாதா என்ற இளம் நடிகைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவள் விலாஸ் என்ற இளைஞனைக் காதலிக்கிறாள். விலாஸின் தந்தை கஜானன் சித்ரே செல்வாக்குள்ள அரசியல்வாதி. சுஜாதா கருவுற்றதும் விலாஸ் தந்தைக்கு அஞ்சிப் பின்வாங்குகிறான். கருவை அழிக்கச் சொல்லி சித்ரேயின் மிரட்டல் தொடங்குகிறது. வாழவே விருப்பமற்றிருந்த பிரதான் அந்தப் பெண்ணுக்குக் காவலாக எழுந்து நிற்கிறார்.

முதுமை

முதுமையைப் பற்றிய படங்கள் பலவற்றில் பிள்ளைகள் கெட்டவர்கள், பெற்றோர் பாவம் என்ற பாகுபாடு இருக்கும். இதற்கு முந்தைய ஆண்டு, 1983இல், ராஜேஷ் கன்னா நடித்து வெளிவந்த 'அவதார்' அத்தகையது. சாரான்ஷ் அந்த வழியில் செல்லவில்லை. இங்கே மகன் பெற்றோரைக் கைவிடவில்லை, இறந்துவிட்டான். ஆகவே பிரதானுக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடையாது. அவருடைய துயரம் வந்து மோதும் இடம் அரசு அலுவலகம். மகனின் அஸ்தியைப் பெறுவதற்கே படிவம், கையெழுத்து, காத்திருப்பு என்று அலைய வேண்டியிருக்கிறது. சுங்க அலுவலகத்தில் அவர் உடைந்துபோகும் காட்சி படத்தின் உச்சங்களில் ஒன்று. சாவைவிட அந்த அலட்சியம்தான் அவரை அதிகம் அவமானப்படுத்துகிறது.

கணவனும் மனைவியும் ஒரே இழப்பை இரு வேறு விதமாகத் தாங்குகிறார்கள். பிரதானுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பார்வதியோ, சுஜாதாவின் வயிற்றில் அஜயே மீண்டும் பிறக்கப் போகிறான் என்று நம்பத் தொடங்குகிறாள். படம் இவர்களில் யாரையும் கேலி செய்யவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை, பிறக்கப் போகும் குழந்தையை வேறொருவனின் நிழலாக்கிவிடும் என்பதைப் பிரதான் உணர்கிறார். அதனால், தாம் போராடிக் காப்பாற்றிய இளம் ஜோடியைத் தாமே வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார். மனைவியின் ஒரே ஆறுதலை அவர் கையாலேயே பறிக்க வேண்டியிருக்கிறது. படத்தின் மிகக் கடினமான முடிவு இதுதான்.

இளமை

விலாஸ் வில்லன் அல்லன், கோழை. காதலிக்கத் தெரிந்தவனுக்குத் தந்தையின் எதிரே வாய் திறக்கத் தெரியவில்லை. சுஜாதாவின் துணிவு அவனிடம் இல்லை. இளமை என்றால் வேகம், முதுமை என்றால் தளர்ச்சி என்ற வழக்கமான எண்ணத்தைப் படம் இங்கே தலைகீழாக்குகிறது. குண்டர்களுக்கும் காவல் நிலையத்துக்கும் அஞ்சாமல், இறுதியில் தம் பழைய மாணவரான முதலமைச்சரின் அறை வரை போய் நியாயம் கேட்பவர் கிழவர். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவருக்குப் பயமும் இல்லை. அவருடைய உறுதியைக் கண்ட பிறகுதான் இளைஞனுக்கும் முதுகெலும்பு நிமிர்கிறது.

நடிப்பு

பிரதானாக நடித்த அனுபம் கேருக்கு அப்போது வயது 28. தயாரிப்பாளர்கள் முதலில் சஞ்சீவ் குமாரை நடிக்க வைக்க விரும்பியதும், கேர் இயக்குநரிடம் போராடி அந்த வேடத்தைத் திரும்பப் பெற்றதும் பின்னாளில் பலமுறை பேசப்பட்டவை. நரைத்த தலை ஒப்பனையால் வந்துவிடும். ஆனால் எழுந்து நிற்கும்முன் உடல் எடுத்துக்கொள்ளும் சிறு தயக்கமும், பேச்சின் நடுவே வரும் மூச்சிரைப்பும் நடிகனின் உழைப்பு. அவருக்கு ஃபிலிம்பேர் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 'காந்தி' (1982) படத்தில் கஸ்தூர்பாவாக நடித்த ரோகிணி ஹட்டங்கடி பார்வதியாக நடித்தார். பாடல்களை எழுதிய வசந்த் தேவ் தேசிய விருது பெற்றார். ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படமும் இது.

முடிவு

இறுதியில் சுஜாதாவும் விலாஸும் போய்விடுகிறார்கள். வீடு மறுபடியும் வெறுமையாகிறது. சாவதற்கு முன்பிருந்த காரணங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. காலையில் இருவரும் பூங்காவுக்குப் போகிறார்கள். மகனின் அஸ்தி விழுந்த இடத்தில் பூக்கள் மலர்ந்திருக்கின்றன. பார்வதி எதிர்பார்த்த மறுபிறவி அன்று அது. மண்ணின் இயல்பு மட்டுமே. மனைவியின் முகச் சுருக்கங்களில்தான் தம் வாழ்வின் சாராம்சம் இருக்கிறது என்று பிரதான் கண்டுகொள்கிறார்.

இப்படத்தை முதன்முறை பார்க்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பிரதான் யாருக்கும் அறிவுரை சொல்லி இளைஞர்களைத் திருத்தவில்லை. தமக்கு எந்தப் பயனும் இல்லாத ஒரு நியாயத்துக்காக நிற்கிறார். மகனைக் காப்பாற்ற முடியாத தகப்பன், யாரோ பெற்ற பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார். அவர் மீண்டும் வாழத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.