தமிழ் அகராதிச் செயலியில் பயனர் நடத்தைப் பகுப்பாய்வு: பயனும் வரம்பும்

முன்னுரை

ஒரு செயலியில் பயனர் எதனைத் தேடினார், எப்பக்கத்தைத் திறந்தார், எவ்விடத்தில் விலகினார் என்பனவற்றைப் பதிவு செய்து ஆராய்வது பயனர் நடத்தைப் பகுப்பாய்வு எனப்படும். இதனைத் தமிழ்ச் செயலியில் இணைக்கும் முறையையும் அதற்குரிய வரம்புகளையும், அகராதிச் செயலியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

வினாவும் பதிவும்

கருவியைத் தெரிவு செய்வதற்கு முன் வினாவைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 'மாணவர் தேடியும் கிடைக்காத சொற்கள் யாவை?' என்பது அத்தகைய வினா. இதற்குத் தேடப்பட்ட சொல், விடை கிடைத்ததா என்னும் குறிப்பு, தேடிய நாள் ஆகிய மூன்றுமே போதுமானவை. தேடல் முடிந்தவுடன் இம்மூன்றையும் ஒரு நிகழ்வாக வழங்கிக்கு அனுப்பும் நிரல்வரிகளைச் செயலியில் சேர்க்கலாம். 2005ஆம் ஆண்டு அறிமுகமான கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற சேவைகளில் தரவு அந்நிறுவனத்தின் வழங்கியில் சேர்கின்றது. மடோமோ போன்ற திறமூல மென்பொருளையோ நம் சொந்த வழங்கியிலேயே நிறுவிக்கொள்ள இயலும்.

தமிழுக்குரிய சிக்கல்

ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளின் சேர்க்கையாகவும் எழுத இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு. எனவே, எண்ணுவதற்கு முன் சொற்களை ஒரே வடிவிற்கு இயல்பாக்குதல் இன்றியமையாதது. இல்லையெனில் 'கொடி' என்னும் ஒரு சொல் இரு சொற்களாகக் கணக்கிடப்படும்.

தனியுரிமை

2006ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஏறத்தாழ 650,000 பயனர்களின் ஏறக்குறைய 2 கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. பெயர்களுக்குப் பதிலாக எண்களே இடப்பட்டிருந்தன. எனினும், ஒருவருடைய தேடல்கள் அனைத்தும் ஒரே எண்ணின்கீழ்த் தொடர்புபட்டிருந்தமையால், நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அவற்றைக் கொண்டே ஒரு பயனரை அடையாளம் கண்டனர். பெயரை நீக்குதல் மட்டும் காப்பாகாது என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது. நாம் எழுப்பிய வினாவிற்குப் பயனர் எண் தேவையில்லை; ஆகவே அதனைப் பதியாமலிருப்பதே தக்கது. இணைய முகவரியையும் சேமித்தலாகாது. தேடல் கட்டத்தில் சிலர் முழு வாக்கியத்தையோ ஆட்பெயரையோ இடக்கூடும் என்பதால், நெடிய உள்ளீடுகளை விலக்கி, பல நாள்களில் மீண்டும் மீண்டும் வந்த சொற்களை மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையிலுள்ளது. சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் செயற்படுகின்றன. நோக்கத்தை அறிவித்தலும் ஒப்புதல் பெறுதலும் இரண்டிற்கும் அடிப்படையானவை.

முடிவுரை

எண்ணிக்கை நிகழ்ந்ததைக் கூறுமேயன்றி அதன் காரணத்தைக் கூறாது. கிடைக்காத சொல் அகராதியில் விடுபட்டதாக இருக்கலாம். ரகர றகர, லகர ளகர ழகர மயக்கத்தால் பிழையாக எழுதப்பட்டதாகவும் இருக்கலாம். முன்னதற்குப் புதிய பதிவும் பின்னதற்குத் திருத்தப் பரிந்துரையும் தீர்வாகும். இவ்வேறுபாட்டை அறிவதற்கு மொழியறிந்தோர் அப்பட்டியலைப் படித்தாக வேண்டும். சிலரே தேடிய அருஞ்சொல்லை எண்ணிக்கை குறைவெனக் கருதி நீக்குதல் அகராதியின் நோக்கத்திற்கே முரணாகும். எனவே, மென்பொருளாளரும் மொழியாசிரியரும் இணைந்து மேற்கொள்ளும்போதே இப்பகுப்பாய்வு முழுப்பயன் தரும் எனலாம்.